தண்ணீர் தெளித்துவிட்ட பறவைகள்

கேள்வி, ஜனவரி 4

அனதோல் பிரான்ஸ் எழுதிய ‘பெங்குவின் தீவு’ நாவலைக் கொஞ்சம் படித்துவிட்டு மூடிவிட்டேன். கண் மங்கிய ஒரு கிழத் துறவி பறவைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். அது செல்லுமா செல்லாதா என்று சொர்க்கத்தில் புனிதர்கள் கூடிச் சண்டை போடுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவருக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நம்பிக்கை உள்ளவர் இதை ஏன் படிக்க வேண்டும்? முடித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

முடித்தேன். இரண்டு தடவை. முதல் தடவை, அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது வெளியே வராந்தாவில் உட்கார்ந்து படித்தது. அங்கே படிக்கிற புத்தகமா அது என்று கேட்காதீர்கள், பையில் அதுதான் இருந்தது.

நீங்கள் மூடிய இடம்தான் நாவலிலேயே நல்ல இடம். அந்தச் சொர்க்கக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை, கவனித்தீர்களா? எல்லாரும் உயிரைக் கொடுத்து வாதாடுகிறார்கள்.

ஜனவரி 5

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அந்தக் கிழத் துறவி மாயேல் நல்ல மனுஷர். கல்தொட்டியில் ஏறிக் கடலில் மிதந்து தீவு தீவாகப் போய்ப் பிரசங்கம் செய்கிறவர். (கல்தொட்டி பிரான்ஸ் கட்டிய கதை இல்லை. பிரெஞ்சு நாட்டின் பிரெத்தாஞ் பகுதிப் பழங்கதைகளில் புனிதர்கள் அப்படித்தான் கடல் தாண்டுவார்கள்.) தொட்டிக்குப் பாய்மரமும் சுக்கானும் வைத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று சாத்தான் ஆசை காட்டுகிறான். கிழவர் மயங்கிவிடுகிறார். அப்புறம் காற்று அடித்துக்கொண்டுபோய் வடதுருவப் பக்கம் தள்ளுகிறது. பனியின் கூச்சத்தில், ஏற்கெனவே மங்கிய கண் இன்னும் மங்கிவிடுகிறது. கரையில் படிப்படியாக வரிசை கட்டி நிற்கிற பறவைகளை, அடக்க ஒடுக்கமான குள்ள மனிதர்களின் சபை என்று நினைத்துவிடுகிறார். பிரசங்கம் செய்கிறார். அவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அவருக்கு அது போதும். மூன்று பகல், மூன்று இரவு ஞானஸ்நானம்.

செய்தி சொர்க்கத்துக்குப் போகிறது. கடவுளே திகைத்துப்போய்ச் சபையைக் கூட்டுகிறார். பறவைக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, அது ஆண்மையற்றவனுக்குச் செய்துவைத்த கல்யாணம் மாதிரி என்கிறார் புனித பாட்ரிக். உடனே போப்பாக இருந்த தமாசுஸ் எழுந்து மறுக்கிறார் (பெயரைப் பாருங்கள், நான் வைத்ததில்லை, நிஜமாகவே நாலாம் நூற்றாண்டில் இருந்த போப்). ஞானஸ்நானம் செல்லுமா என்றால், கொடுப்பவர் யார் என்றுதான் பார்க்க வேண்டும், வாங்குபவர் யார் என்று பார்க்கக்கூடாது என்கிறார். வாங்குபவரின் சம்மதமும் முயற்சியும் வேண்டுமென்றால் பிறந்த குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது?

இந்த இடத்தில்தான் நான் வராந்தாவில் சத்தமாகச் சிரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் வாதத்தை மறுபடி படியுங்கள். அதில் ஓட்டையே இல்லை. குழந்தைக்குச் செல்லும் என்றால் பறவைக்கு ஏன் செல்லாது என்று ஒரு வினாடி நமக்கே தடுமாறும்.

செல்லும் என்று வைத்தால் இன்னொரு தொல்லை. ஞானஸ்நானம் பெற்றவன் கட்டளைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். பறவையால் முடியுமா? முடியாது. அப்படியானால் இதுவரை பாவமே அறியாமல் மீன் தின்றுகொண்டிருந்த ஜீவன்கள் மொத்தமாக நரகத்துக்குப் போக வேண்டியதுதான். நம் பேச்சில் ஒருவனுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டாச்சு என்றால், கைகழுவிவிட்டோம், இனி அவன் பாடு என்று பொருள். இங்கே தண்ணீர் தெளித்த பிறகுதான் பாடே ஆரம்பம்.

ஜனவரி 5, சற்று கழித்து

ஞானஸ்நானமா திருமுழுக்கா என்று நானே குழம்பினேன். திருமுழுக்கு நல்ல சொல். ஆனால் நாள் முழுக்க முழுகிக்கொண்டே இருக்கிற பறவைக்கு ‘முழுக்கு’ என்று எழுதக் கை வரவில்லை.

ஜனவரி 6

ஒரு திருத்தம். அவை பெங்குவின்களே இல்லை. பெங்குவின் தென்பாதி உலகத்துப் பறவை, வடதுருவத்தில் அதற்கு வேலை கிடையாது. பிரெஞ்சில் ‘பாங்குவான்’ என்றால் வடகடல் பறவை. நாம் பெங்குவின் என்கிற தென்கடல் பறவைக்கு அங்கே ‘மான்ஷோ’ என்று வேறு பெயர். இந்தப் பெயர்த் தகராறை நாவலின் முன்னுரையிலேயே பிரான்ஸ் இழுத்துவைத்துப் பேசுகிறார். முதல் தடவை முன்னுரையைத் தாண்டிப் போய்விட்டேன், அதனால் வந்த வினை.

அவர் மனத்தில் இருந்தது பறக்க முடியாத ‘கிரேட் ஆக்’ என்கிற பெரிய பறவை என்று எனக்குத் தோன்றுகிறது. நாவலில் பின்னால் வரும் போர் மந்திரியின் பெயரே கிரேட்டாக். கறுப்பு முதுகு, வெள்ளை நெஞ்சு, கரையில் நிமிர்ந்து நிற்கும், மனிதனைக் கண்டு ஓடத் தெரியாது. 1844இல் ஐஸ்லாந்துக்கு அருகே எல்டே என்ற பாறைத்தீவில் கடைசி இணையைக் கொன்றார்கள். நாவல் வந்தது 1908இல். அதாவது உலகத்தில் ஒன்றுகூட மிச்சமில்லாத ஒரு பறவைக்கு ஆத்மா உண்டா என்று புனிதர்கள் வாதாடுகிறார்கள். இது தெரிந்த பிறகு அந்த அத்தியாயத்தை என்னால் முன்பு போலச் சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை.

ஜனவரி 9

வராந்தா என்று சொல்லி நிறுத்திவிட்டேன். முழுக்கச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த நாவலை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரியாது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு கட்டில். உள்ளே விட மாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பச்சைப் போர்வை, முகத்தில் ஆக்சிஜன் மூடி. எனக்கும் முகக்கவசம். மூச்சு விட்டால் என் மூக்குக்கண்ணாடி ஆவி பிடித்துக்கொள்ளும், துடைத்தால் மறுபடி பிடிக்கும். துடைத்துத் துடைத்து அலுத்து, கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் வேண்டினேன். வேண்டுதல் என்றால் சும்மா இல்லை, பேரம். இதை விட்டுவிடுகிறேன், அதைச் செய்கிறேன், இவரை மட்டும் கொடு என்று. அம்மா பக்கத்தில் நின்றாள். இரண்டு ராத்திரி.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் வெளியே வந்து, நாலாம் நம்பரை வார்டுக்கு மாற்றுகிறோம் என்றார். நான் அழுதுவிட்டேன், நன்றி சொல்லப் போனேன். “சார், உங்க அப்பா ஆறாம் நம்பர்” என்றார்.

இரண்டு ராத்திரி நான் வேண்டியது வேறொருவருக்கு.

இப்போது தமாசுஸ் பேசியதை மறுபடி படியுங்கள். கொடுத்தவனின் எண்ணம் சுத்தம். சொல் சரி, முறை சரி. ஆள்தான் தப்பு. செல்லுமா செல்லாதா? எந்தக் கணக்கில் வரவு? நாலாம் நம்பர் எழுந்து நடந்தாரே, அதை யார் பெயரில் எழுதுவது? அன்று காலை பதினொரு மணிக்கு அதே வராந்தாவில் அதே அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அந்தச் சபையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது போல இருந்தது.

அப்பாவும் பிழைத்தார், ஐந்து நாள் தாமதமாக. விஷயத்தைச் சொன்னபோது சிரித்தார்.

ஜனவரி 9, இரவு

சிரித்தார் என்று எழுதியது பொய். உடனே சிரிக்கவில்லை. “அப்ப எனக்கு யார் வேண்டினது?” என்று கேட்டார். சிரித்தது மறுநாள்.

ஜனவரி 12

கேட்டவர் மறுபடி கேட்டிருக்கிறார்: ஆனாலும் கடவுளையே முட்டாளாக்கிவிட்டாரே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுள் பேசும் இடம் ஒன்று அதே கூட்டத்தில் வருகிறது. முடிவு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஆனால் மனிதர்களின் சுதந்திரத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக, தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொள்கிறேன், நான் முன்பே கண்டது நடக்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி ஒரு பேச்சு. படித்ததும் சிரிப்பு வரும். ஆனால் எல்லாம் அறிந்த கடவுளையும், தன் இஷ்டப்படி நடக்கும் மனிதனையும் ஒரே வீட்டில் குடிவைக்கப் பார்த்த ஆட்கள் நூற்றாண்டுக்கணக்காகத் திணறிய இடம் இது. அந்தத் திணறலைக் கடவுள் வாயாலேயே சொல்லவைத்ததுதான் குறும்பு. புதிதாக ஒரு கேலியை அவர் கொண்டுவரவில்லை. இருந்த சிக்கலை விளக்குப் போட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.

கடவுளைச் சாதாரணமாகப் பேசவைப்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வந்தது. ஆயுள் சந்தா என்றதும் யாருடைய ஆயுள் என்று கடவுள் கேட்பாரே, அந்த ஒரு கேள்விக்கு நான் ஒரு தத்துவப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவேன். அந்தக் கடவுள் மேல் யாருக்காவது கோபம் வருமா? வீட்டுக்குக் கூப்பிடத்தான் தோன்றும். பிரான்ஸின் கடவுளும் அப்படித்தான், கொஞ்சம் அலுவலகத் தலைவர் சாயல், அவ்வளவே.

ஜனவரி 12, பின்குறிப்பு

‘பிரான்ஸ்’ என்று எழுதினால் ஆளா நாடா என்று கேட்டிருக்கிறார். ஆள்தான். இயற்பெயரில் தீபோ என்று வரும். அப்பா புத்தகக் கடைக்காரர், கடையின் பெயர் பிரான்ஸ். கடைப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு, அதே பெயருள்ள நாட்டின் சரித்திரத்தைப் பறவைச் சரித்திரமாக எழுதினார்.

ஜனவரி 15

சபையின் தீர்ப்பைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அலெக்சாண்டிரியாவின் புனித கத்தரீன் ஒரு வழி சொல்கிறாள். அந்தப் பறவைகளுக்கு மனிதத் தலையும் மார்பும் கொடுத்துவிடுங்கள், ஆத்மாவும் கொடுங்கள், ஆனால் சின்னதாக.

‘ஆனால் சின்னதாக’. நாவல் முழுக்க எனக்குப் பிடித்த சொற்கள் இவை. பாதியாக நிறுத்தாமல், கடைசியில் பறவைகளை முழு மனிதர்களாகவே மாற்றிவிடுகிறார்கள். மாயேல் அந்தத் தீவையே கட்டி இழுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்.

இதற்கப்புறம் ஒருவனை ஒருவன் தடியால் அடித்து நிலத்தைப் பிடுங்குகிற காட்சி. மாயேல் பதறுகிறார். கூட இருக்கும் துறவி, பதறாதீர்கள், இவர்கள் சட்டத்தை உண்டாக்குகிறார்கள், சொத்துரிமைக்கு அடித்தளம் போடுகிறார்கள் என்று சமாதானம் சொல்கிறார். ஒன்றரைப் பக்கம்தான். இதை விடாதீர்கள்.

உடை உடுத்தும் அத்தியாயத்தைப் பலர் புகழ்வார்கள். துறவி வேடத்தில் சாத்தான் வந்து, அழகில்லாத ஒருத்தியைப் பிடித்து அவளுக்கு மட்டும் துணி உடுத்தி விடுகிறான். உடனே ஆண்கள் எல்லாரும் அவள் பின்னால் ஓடுகிறார்கள். கருத்து சரிதான், மறைத்தால்தான் ஆசை வரும் என்பது. ஆனால் இரண்டாம் தடவை எனக்கு அது இழுவையாகப்பட்டது. பெண்ணைப் பற்றிய ஜோக்கை அந்தக் காலத்து ஆண்கள் கூடிச் சிரிக்கிற தொனி. தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.

ஓர்பெரோஸ் கதை வேறு. டிராகன் வேடம் போட்டுக்கொண்டு கொள்ளையடிக்கிறான் ஒருவன். அவனோடு குடித்தனம் நடத்துகிறவள் இந்த ஓர்பெரோஸ். டிராகனை அடக்க ஒரு தூய கன்னி வேண்டும் என்று ஊர் தேடும்போது, நான்தான் அந்தக் கன்னி என்று முன்வருகிறாள். பொய் டிராகனை அடக்குகிறாள். ஊருக்குக் காவல் புனிதை ஆகிறாள். பல நூற்றாண்டு கழித்து அரசியலுக்குத் தேவைப்படும்போது அவள் வழிபாட்டைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். உங்களுக்குக் கோபம் வருவதானால் இங்கே வர வேண்டும், பறவை அத்தியாயத்தில் இல்லை.

ஜனவரி 19

நடுவில் நாவல் தொய்கிறது. இடைக்காலம், மறுமலர்ச்சி என்று ஓட்டமாக ஓடும். முதல் தடவை நான் அங்கேயே கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். நண்பர்களிடம் இவ்வளவு நாளும் சொல்லிவந்தது இதுதான்: முதல் பாதி மதம், இரண்டாம் பாதி அரசியல், இரண்டையும் கோந்து போட்டு ஒட்டியிருக்கிறார், முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தப்பாகச் சொல்லியிருக்கிறேன். நேற்று இரண்டாம் பாதியில் வரும் பிரோ வழக்கைத் திரும்பப் படித்தேன்.

குதிரைப்படைக்கு வைத்திருந்த 80,000 கட்டு வைக்கோல் காணவில்லை. உடனே போர் மந்திரி கிரேட்டாக், பிரோ என்கிற ராணுவ அதிகாரிதான் திருடன் என்கிறார். ஆதாரம்? ஆதாரத்தைத் தேடுங்கள், கிடைக்கும். தளபதி ஒருவர் அதற்கும் மேலே போகிறார். உண்மையான ஆதாரத்தைவிடப் பொய்யாகச் செய்த ஆதாரமே மேல், ஏனென்றால் அது வழக்குக்கு அளவெடுத்துத் தைத்தது என்கிற பொருளில் பேசுகிறார். பிரோவைக் கூண்டில் அடைத்து உயரத்தில் தொங்கவிடுகிறார்கள். கிட்டப்பார்வைக்காரரான கொலொம்பான் தனியாகப் பசை வாளியோடு போய், பிரோ குற்றமற்றவன் என்று சுவரில் ஒட்டுகிறார். ஊர் அவரை மொத்துகிறது. கடைசியில் பார்த்தால் வைக்கோல் திருடுபோகவே இல்லை. கொடுக்க வேண்டியவன் கொடுக்கவே இல்லை, அவ்வளவுதான்.

இது டிரைஃபஸ் வழக்கு என்பது படித்த உடனே தெரிந்துவிடும். யூதரான டிரைஃபஸ் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரியை 1894இல் உளவாளி என்று தண்டித்தார்கள். அவருக்காக எழுத்தாளர் எமில் ஸோலா எழுதிய பகிரங்கக் கடிதம் வந்தது 1898 ஜனவரி 13. அடுத்த நாளே வந்த ஆதரவு மனுவில் கையெழுத்திட்டவர்களில் அனதோல் பிரான்ஸும் ஒருவர். டிரைஃபஸுக்கு எதிராக ஒரு கடிதத்தைப் போலியாகச் செய்த ராணுவ அதிகாரி அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புக்கொண்டு தற்கொலை செய்துகொண்டார். அந்தப் போலியைத் தேசபக்தி என்று மெச்சியவர்களும் இருந்தார்கள். முழு விடுதலை 1906இல்தான். ஆக, ‘அளவெடுத்துத் தைத்த ஆதாரம்’ பிரான்ஸின் கற்பனை ஊறிய இடம் அல்ல, பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் பழைய காயம்.

இப்போது இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு பக்கம் ஞானஸ்நானம் சரியாக நடந்தது, ஆகையால் பறவைக்கு ஆத்மா இருக்கத்தான் வேண்டும். இன்னொரு பக்கம் தண்டனை சரியாக நடந்தது, ஆகையால் குற்றம் இருக்கத்தான் வேண்டும். ஒரே ஜோக். முதல் தடவை அதில் பறவை மனிதனாகிறது. இரண்டாம் தடவை மனிதன் கூண்டுக்குள் போகிறான். சொர்க்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களாவது பறவைகளைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், வாதாடினார்கள், ஒருத்தி சின்ன ஆத்மாவாவது கொடுங்கள் என்றாள். மந்திரி சபையில் கத்தரீன் கிடையாது.

கேட்டவருக்கு என் பதில் இதுதான். பாதியில் மூடிவிட்டால் உங்கள் நம்பிக்கையைக் கேலி செய்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவீர்கள். என்னைப் போன்ற அரைச் சந்தேகப் பேர்வழிகள், கோயில் பக்கம் போகாமலே வேறு எதையெதையோ கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவதைக் கேலி செய்யும் பகுதி இன்னும் வரவில்லை.

ஜனவரி 20

திருச்சபை இந்த நாவலைத் தடை செய்தது என்று எங்கோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். இந்த ஒன்றை மட்டும் அல்ல. 1922இல் அவர் எழுதிய அத்தனையையும் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் நோபல் பரிசு. ஒரு கையில் பதக்கம், இன்னொரு கையில் தடை. இந்த வரிசையை அவரே ஒரு நாவலில் வைத்திருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

ஜனவரி 23

வேறு ஏதோ தேடும்போது கண்ணில் பட்டது. ஆள் மாறிக் கொடுத்த ஞானஸ்நானம் பற்றித் திருச்சபைக்குள்ளேயே பழங்கதைகள் உண்டு. பின்னாளில் அலெக்சாண்டிரியாவின் பிஷப்பான அத்தனாசியுஸ் சின்னப் பையனாக இருந்தபோது கடற்கரையில் பிள்ளைகளோடு பிஷப் விளையாட்டு ஆடினாராம், ஞானஸ்நானமும் கொடுத்தாராம். அதைப் பார்த்த நிஜ பிஷப் கூப்பிட்டு விசாரித்து, முறை சரியாக இருக்கிறது, செல்லும் என்று சொல்லிவிட்டாராம். இன்னொரு கதை ஜெனீசியுஸ் என்ற நடிகனுடையது. ரோமப் பேரரசன் டயோகிளீஷியன் முன்னால் ஞானஸ்நானத்தைக் கேலி செய்து நாடகம் போட்டான். தலையில் தண்ணீர் விழுந்ததும் நிஜமாகவே நம்பிவிட்டான். கேலி என்று சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கொன்றுவிட்டார்கள். நடிகர்களுக்கு இன்று அவர்தான் காவல் புனிதர்.

பிரான்ஸ் எங்கிருந்து எடுத்தார் என்று பார்த்தால் சபையின் சொந்தப் பெட்டியிலிருந்தேதான். கண்டவன் கேலி செய்திருந்தால் இவ்வளவு துல்லியமாக வராது. வீட்டுப் பிள்ளைக்குத்தான் எந்தப் படி ஆடும் என்று தெரியும்.

பிப்ரவரி 2

இதெல்லாம் எழுதிக்கொண்டிருந்தது அம்மாவுக்குத் தெரிந்து, என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். நாலாம் நம்பர் கதை என்றேன்.

“அது உங்க அப்பா இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். போர்வைக்கு வெளியே பாதம் தெரிஞ்சுதே. நாப்பது வருஷமா பாக்கற காலு எனக்குத் தெரியாதா?”

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அந்தக் கட்டிலுக்கு வெளியே ரெண்டு நாளா ஒருத்தரும் வரல.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, “அந்தப் புஸ்தகத்துல குருவிங்க கடைசில என்ன ஆச்சு?” என்றாள்.

மனுஷங்களாகி, உயரம் போதலை போதலைன்னு வீடு கட்டிட்டே போறாங்க, எல்லாம் இடிஞ்சு, திரும்ப முதல்லேருந்து கட்டறாங்க என்றேன்.

“சரி, விளக்கை அணைச்சிட்டுப் படு” என்றாள்.